ராத்திரி பிள்ளை எழுந்தால் பகல் சோற்றை நிறுத்தாதீங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள் மத்தியில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப ஒரு அரை மணி நேரம் நம்ம வீட்டுப் பிள்ளைங்களைப் பத்திப் பேசுவோம். ஆறு மாசம் முடிஞ்சு சோறு ஊட்ட ஆரம்பிச்ச பிள்ளை, ராத்திரி ரெண்டு தடவை, மூணு தடவை எழுந்து அழுதா என்ன செய்யறது? இதுதான் இன்னைக்குத் தலைப்பு.

இதையெல்லாம் கூட்டமைப்புக் கூட்டத்துல பேசணுமான்னு சிலருக்குத் தோணலாம். பேச வேண்டிய காரணம் இருக்கு. குழுக் கூட்டத்துக்கு வராத உறுப்பினரைப் பத்தி விசாரிச்சா, "கைப்பிள்ளைக்காரி, ராத்திரி பூரா தூக்கம் இல்லையாம்"னு பதில் வருது. தூக்கம் இல்லாததோட போனா பரவாயில்லை. அந்த அழுகையை நிறுத்தறதுக்காக வீட்டுல எடுக்கிற முடிவு பிள்ளையோட உடம்பையே பாதிக்குது.

நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போற ஒரு தங்கச்சி. ஆறாம் மாசம் முடிஞ்சதும் குலசாமி கோயில்ல வச்சுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாங்க. பத்து நாள் நல்லாப் போச்சு. அதுக்கப்புறம் பெண்பிள்ளை ராத்திரி எழுந்து அழ ஆரம்பிச்சது. "சோறு செரிக்கலை, மாந்தம் பிடிச்சிருக்கு, நிறுத்து"ன்னு மாமியார் சொன்னாங்க. "உனக்குப் பால் பத்தலை, புட்டிப் பால் குடு"ன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. சோறு நின்னுச்சு. தண்ணி ஊத்தின புட்டிப் பாலும், டீயில நனைச்ச பிஸ்கெட்டும் வந்தது. அழுகை மட்டும் நிக்கலை. அங்கன்வாடியில ஆறாம் மாசம் எடை போட்டப்ப 6 கிலோ 400 கிராம். ஒன்பதாம் மாசம் போட்டப்பவும் அதே 6 கிலோ 400. மூணு மாசத்துல ஒரு கிராம்கூட ஏறலை. வளர்ச்சி அட்டையில பச்சையில இருந்த புள்ளி மஞ்சளுக்குப் போயிருச்சு.

அந்த வீட்டுல யாரும் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கலை. எல்லாரும் அக்கறையிலதான் சொன்னாங்க. ஆனா ராத்திரி அழுகைக்குச் சோறுதான் காரணம்னு முடிவு பண்ணின இடத்துலதான் கோளாறு. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வீட்டுக்கே வந்து மாமியார்கிட்டப் பேசினாங்க. புட்டி நின்னுச்சு, கெட்டியான சோறு திரும்ப வந்தது. பதினோராம் மாசம் பிள்ளை 7 கிலோவைத் தொட்டு மறுபடி பச்சைக்கு வந்திருச்சு. இப்பவும் ராத்திரி ஒரு தடவை எழுந்திரிக்குதுதான். எழுந்தா என்ன, பிள்ளை தேறிடுச்சு.

பிள்ளை ராத்திரி எழுவது வழக்கம்தான்

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கணும். ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் உள்ள பிள்ளை ராத்திரி எழுந்திரிக்கிறது நோய் இல்லை. நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதும் இல்லை. பிரிட்டனில் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தினர் 6 முதல் 12 மாதப் பிள்ளைகளின் தாய்மார் 715 பேரிடம் விசாரித்து 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 100-க்கு 78 பிள்ளைகள் ராத்திரியில் ஒரு தடவையாவது வழக்கமாக எழுந்திருக்கின்றன. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் புட்டிப் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இதில் வித்தியாசம் இல்லை. பகலில் பாலும் சோறும் நல்லாச் சாப்பிட்ட பிள்ளைகள் ராத்திரி பால் கேட்பது குறைந்தது. ஆனால் எழுந்திருப்பது குறையவில்லை.

பெரியவங்க நாமளும் ராத்திரி பல தடவை புரண்டு படுக்கிறோம், லேசா முழிப்பு வந்து திரும்பத் தூங்கிடுறோம். பிள்ளைக்குத் தூக்கத்தோட சுற்று நம்மைவிடச் சின்னது, சுமார் ஒரு மணி நேரம்தான். அதனால முழிப்பும் அடிக்கடி வரும். முழிச்சா தானாத் திரும்பத் தூங்கத் தெரியாது, அம்மாவைத் தேடி அழும்.

அதோட, சோறு ஆரம்பிக்கிற ஆறு, ஏழாம் மாசத்துலதான் மத்ததும் சேர்ந்து வருது. பல் முளைக்கும், ஈறு நமநமன்னு இருக்கும். குப்புற விழுந்து, உட்கார்ந்து, தவழப் பழகும். எட்டு, ஒன்பதாம் மாசத்துல அம்மா கண்ணுக்கு மறைஞ்சா பயப்படும். இத்தனையும் ஒரே சமயத்துல நடக்கிறப்ப, புதுசா நாம செஞ்சது சோறு ஊட்டினது ஒண்ணுதானே? பழியும் சோத்து மேல விழுந்துடுது.

சோறு ஊட்டினா ராத்திரி பூரா தூங்குமா?

இதுக்கு நேர் எதிரான நம்பிக்கையும் இருக்கு. "வயிறு நிறையக் கூழ் குடுத்துப் படுக்க வை, விடிய விடியத் தூங்கும்"னு நாலாம் மாசமே ஆரம்பிக்கிறாங்க. இதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. லண்டனில் தாய்ப்பால் மட்டுமே குடித்து வந்த 1303 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே திட உணவு கொடுத்தார்கள். அதில் தூக்கத்தைப் பற்றிய முடிவு 2018-ல் வெளியானது. சீக்கிரம் சாப்பிட்ட பிள்ளைகள், வித்தியாசம் அதிகமாகத் தெரிந்த ஆறாம் மாதத்தில்கூட, ராத்திரிக்கு சுமார் 16 நிமிடம்தான் கூடுதலாகத் தூங்கினார்கள்.

பதினாறு நிமிஷம்! நம்ம ஊர்த் தண்ணியில, நம்ம ஊர் வெயில்ல, அந்தப் பதினாறு நிமிஷத்துக்காக நாலாம் மாசமே சோறு குடுத்து வயித்துப்போக்கு வாங்கணுமா? ஆறு மாசம் முழுசா முடியிற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம். அதுக்குப் பிறகு சோறும் தாய்ப்பாலும் சேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் போகலாம்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

பகல் கடனை ராத்திரி வசூல் பண்ணும்

ஆறு மாசத்துல இருந்து எட்டு மாசம் வரைக்கும் பிள்ளைக்கு வேண்டிய சத்துல மூணுல ரெண்டு பங்கு தாய்ப்பால்ல இருந்துதான் வருது. சோறு மிச்சம் ஒரு பங்குக்குத்தான். பலரும் சோறு ஆரம்பிச்சதும் பகல்ல பால் குடுக்கிறதைக் குறைச்சுடுறாங்க. வேலைக்குப் போற அம்மாவுக்கு வேற வழியும் இருக்காது. விடியக்காலை நாலு மணிக்குப் பூப்பறிக்கப் போனா, வீடு திரும்ப பத்து மணி ஆகும். மில்லு வேலைன்னா ஷிப்ட் முடிஞ்சுதான்.

பகல்ல பாலும் இல்லை, சோறும் ரெண்டு வாய் கஞ்சித் தண்ணின்னா, பிள்ளை என்ன செய்யும்? அம்மா பக்கத்துல படுத்திருக்கிற நேரம் பார்த்து, பகல்ல விட்டதை எல்லாம் ராத்திரி வட்டியோட வசூல் பண்ணும். நம்ம குழுவுல தவணை தப்பினா அடுத்த மாசம் சேர்த்துக் கட்டச் சொல்றோமில்ல, அதே கணக்குதான். இந்தப் பிள்ளைக்குச் சோத்தை நிறுத்தினா கடன் இன்னும் ஏறத்தான் செய்யும்.

அதனால நாம சரி பண்ண வேண்டியது பகலை. நாலு விஷயம் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

1. கெட்டியாக் குடுங்க. ஏழு கிலோ பிள்ளையோட வயிறு சுமார் 200 மில்லி, ஒரு சின்ன டம்ளர் அளவுதான். அதுல கஞ்சித் தண்ணியை நிரப்பினா வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்ச்சா வழிஞ்சு ஓடாத பதத்துல இருக்கணும். குழைய வெந்த சோறும் பருப்பும் மசிச்சு, அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விடுங்க. கேழ்வரகுக் கூழு, இட்லி, அங்கன்வாடியில குடுக்கிற சத்துமாவு எல்லாம் நல்லதுதான். கீரை, முட்டை, முள் எடுத்த மீன், ஈரல் ஒண்ணொண்ணாப் பழக்கலாம். தனி உப்பு, சர்க்கரை வேண்டாம். ஒரு வயசு முடியிற வரைக்கும் தேன் நாக்குல தடவவும் கூடாது.

2. அளவையும் தடவையையும் மெல்ல ஏத்துங்க. முதல்ல ரெண்டு, மூணு ஸ்பூன்ல ஆரம்பிச்சு, எட்டு மாசத்துக்குள்ள ஒரு வேளைக்கு அரை டம்ளர் வரைக்கும் வரணும். எட்டு மாசம் வரை நாளைக்கு 2 அல்லது 3 வேளை. ஒன்பதாம் மாசத்துல இருந்து 3 அல்லது 4 வேளை, நடுவுல பழம் மாதிரி ஏதாவது ஒண்ணு.

3. தாய்ப்பாலைப் பகல்ல விடாதீங்க. பூப்பறிக்கப் போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை குடுங்க. முடிஞ்சா கையைச் சுத்தமாக் கழுவி, கொதிக்க வச்சு எடுத்த எவர்சில்வர் டம்ளர்ல பாலைப் பீய்ச்சி மூடி வச்சுட்டுப் போங்க. நாலு மணி நேரத்துக்குள்ள அப்பத்தாவோ அம்மாச்சியோ பாலாடையில புகட்டட்டும். அதுக்கு மேல வச்சிருக்க வேண்டாம். திரும்பி வந்ததும் முதல் வேலை, கை கால் கழுவிட்டுப் பிள்ளையை மடியில போடுறதுதான். அடுப்பு பத்து நிமிஷம் காத்திருக்கும்.

4. புது உணவைக் காலையில குடுங்க. ஒரு சமயத்துல ஒரே ஒரு புதுப் பொருள். மூணு நாள் பார்த்துட்டு அடுத்தது. காலையில குடுத்தா ஒத்துக்கிச்சா இல்லையான்னு வெளிச்சத்துலயே தெரிஞ்சிடும். சாயங்காலச் சோறு ஆறரை, ஏழு மணிக்குள்ள முடியட்டும். தூங்கப் போறப்ப தாய்ப்பால் போதும்.

சோறு நிஜமாவே தொந்தரவு பண்ற நேரமும் உண்டு

எல்லாத்துக்கும் சோறு காரணம் இல்லைன்னு சொன்னேன். சில சமயம் காரணமாவும் இருக்கும். சோறு ஆரம்பிச்ச புதுசுல மலம் இறுகும். பிள்ளை முக்கி முக்கி அழும், ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாப் போகும். அப்பவும் சோத்தை நிறுத்த வேண்டியதில்லை, மாத்தினாப் போதும். கொதிக்க வச்சு ஆறின தண்ணியை அப்பப்ப ரெண்டு மூணு ஸ்பூன் குடுங்க. பழுத்த பப்பாளி, கீரை மசியல் சேருங்க. தாய்ப்பாலைக் கூட்டுங்க.

இன்னொண்ணு ரத்தசோகை. பிறக்கும்போது அம்மாகிட்ட இருந்து வாங்கிட்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாசம் வரைக்கும்தான் தாங்கும். ரத்தம் குறைஞ்ச பிள்ளை சரியாச் சாப்பிடாது, சிணுங்கிக்கிட்டே இருக்கும், தூக்கமும் கெடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆறாம் மாசத்துல இருந்து பிள்ளைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசாங்கமே இலவசமாக் குடுக்கிற திட்டம் இருக்கு. உங்க ஊர் செவிலியர்கிட்டக் கேட்டு வாங்குங்க. அலமாரியில வச்சுட்டு மறந்துடாதீங்க.

செய்யக் கூடாதது

திருஷ்டி சுத்திப் போடுறீங்களா, போடுங்க. அதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தொக்கம் எடுக்கறேன்னு தொண்டைக்குள்ள விரலை விடுறது, வாயில ஊதுறது, வசம்பு உரசி நாக்குல தடவுறது, உரம் எடுக்கறேன்னு பிள்ளையைச் சேலையில போட்டு உருட்டுறது, இதெல்லாம் வேண்டாம். புண்ணும் கிருமியும் அந்த வழியாத்தான் போகுது.

தூங்கறதுக்குன்னு சளி மருந்து, இருமல் மருந்து குடுக்கிற பழக்கம் சில வீடுகள்ல இருக்கு. தயவுசெய்து செய்யாதீங்க. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் ரெண்டும் கலந்த சளி மருந்தை நாலு வயசுக்குக் கீழே குடுக்கக் கூடாதுன்னு லேபிள்லயே போடச் சொல்லி 2023-ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டது. 2025-ல மத்தியப் பிரதேசத்துல நஞ்சு கலந்த இருமல் மருந்து குடிச்சுக் குழந்தைகள் இறந்த செய்தியை நீங்க எல்லாரும் டிவியில பார்த்திருப்பீங்க. டாக்டர் எழுதித் தராத சிரப் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அடுத்தது புட்டி. பால் மாவுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாதுன்னு 1992-லயே சட்டம் வந்திருக்கு. அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு அதுல ஆபத்து இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க. ராத்திரி அரைத் தூக்கத்துல எந்த அம்மாவால புட்டியைக் கொதிக்க வச்சுக் கழுவ முடியும்?

ராத்திரி வேலை அம்மாவுக்கு மட்டுமா?

சகோதரிகளே, இதைச் சொல்லாம முடிச்சா நான் பேசினதுல பிரயோஜனம் இல்லை. பகல் கூலிக்கு ஓடி, சமைச்சு, துவைச்சு, ராத்திரி மூணு தடவை எழுந்து, திரும்ப நாலு மணிக்குப் பூக்காட்டுக்குப் போற பொண்ணு எத்தனை நாள் தாங்குவா? பிள்ளை அழுதா "அதைச் சும்மா இருக்கச் சொல்லு"ன்னு புரண்டு படுக்கிற வீட்டுக்காரர்தான் நிறைய வீட்டுல இருக்கார். பால் குடுக்கிறது மட்டும்தான் அம்மாவால ஆகிற வேலை. ஈரத் துணியை மாத்துறதுக்கும், தோள்ல போட்டுத் தட்டுறதுக்கும், தொட்டிலை ஆட்டுறதுக்கும் ஆம்பளைக்கும் ரெண்டு கை இருக்கு. ராத்திரி ஒரு முறை நீங்க, ஒரு முறை நான்னு பேசி வச்சுக்கோங்க. சண்டை போட்டுக் கேக்க வேண்டாம், சாப்பிட்டு முடிச்ச நேரம் பார்த்துச் சொல்லுங்க.

குடிச்சிட்டு வந்து படுக்கிறவர் பக்கத்துல மட்டும் பிள்ளையைப் போடாதீங்க. புரண்டு மேல படுத்தாலும் அவருக்குத் தெரியாது.

எழுந்த பிள்ளையைக் கையாளுறதுலயும் ஒரு முறை இருக்கு. சிணுங்கின உடனே தூக்கி, லைட்டைப் போட்டு, கொஞ்சி விளையாட்டுக் காட்டினா பிள்ளை பகல்னு நினைச்சுக்கும். முதல்ல கையை மேல வச்சுத் தட்டிக் கொடுங்க. ஈரமா, கொசுக்கடியா, புழுக்கமான்னு பாருங்க. அப்பவும் அழுதா பால் குடுங்க. ராத்திரி வெளிச்சமும் பேச்சும் குறைவா இருக்கட்டும். சாயங்காலம் தினமும் ஒரே நேரத்துல உடம்பு துடைச்சு, தாலாட்டுப் பாடிப் படுக்க வச்சா, கொஞ்ச நாள்ல பிள்ளைக்கே நேரம் பழகிடும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

ராத்திரி பாலை ஒரேயடியா நிறுத்திட்டா பிள்ளை தூங்கிடாதா?

ஒரு வயசுக்குள்ள வேண்டாம் அக்கா. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியிலதான் கூடுதலா வேலை செய்யுது. ராத்திரி பாலை நிறுத்தினா பகல் பாலும் குறையும். பகல்ல சோறும் பாலும் சரியாப் போனா, ராத்திரி கேக்கிறது தானாக் குறைஞ்சுக்கிட்டு வரும்.

டீயில பிஸ்கெட் நனைச்சுக் குடுத்தா நல்லாச் சாப்பிடுதே?

இனிப்பு இருக்கிறதால சாப்பிடுது. டீ, சோத்துல இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. வயித்தை அடைச்சு, அடுத்த வேளைச் சோத்தையும் கெடுத்துடும். அந்தக் காசுக்கு ஒரு முட்டை வாங்கிடலாம்.

அழுகையை நிறுத்த செல்போன்ல பாட்டுப் போட்டுக் காட்டுறோமே?

ரெண்டு வயசுக்குள்ள செல்போன், டிவி எதுவும் காட்டக் கூடாது. அதுலயும் ராத்திரி காட்டினா, வந்த தூக்கமும் போயிடும். உங்க வாயால பாடுங்க, குரல் எப்படி இருந்தாலும் பிள்ளைக்குப் பிடிக்கும்.

எந்த அழுகைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

காய்ச்சல், வேகவேகமா மூச்சு வாங்குறது, காதுல சீழ் வடியிறது அல்லது காதைப் பிடிச்சு இழுத்து அழுறது, விடாத வாந்தி, பால் குடிக்க மறுக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது, ஆறு மணி நேரமா சிறுநீர் போகாம இருக்கிறது. இதுல எது இருந்தாலும் விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. காலை வயித்தோட மடக்கிக்கிட்டு விட்டு விட்டு வீறிட்டு அழுது, மலத்துல ரத்தமும் சளியுமா வந்தா, குடல் சொருகியிருக்கலாம். அப்பவே 108-க்குக் கூப்பிடுங்க.

மாமியார் நான் சொன்னாக் கேக்கவே மாட்டாங்க. என்ன செய்ய?

நீங்க தனியாச் சொன்னா மருமக பேச்சு, குழு சொன்னா ஊர்ப் பேச்சு. அதுக்குத்தானே குழு வச்சிருக்கோம்? அவங்களையும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க. எடை போடுற அன்னைக்கு அங்கன்வாடிக்குக் கூட்டிப் போங்க. பேரப்பிள்ளையோட புள்ளி எந்த நிறத்துல விழுதுன்னு அவங்களே பார்க்கட்டும்.

இந்த மாதம் குழுக்கள் செய்ய வேண்டியது

கூட்டத்தில் அனைவரும் ஒப்புக்கொண்டபடி, ஒவ்வொரு குழுவும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இந்த மாத எடை, புள்ளி விழுந்த நிறம், இரும்புச்சத்து சிரப் கிடைத்ததா என்ற மூன்றையும் குறிக்க வேண்டும். எடை ஏறாத பிள்ளை இருந்தால், ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் அந்த வீட்டுக்குப் போய், என்ன ஊட்டுகிறார்கள், எத்தனை வேளை ஊட்டுகிறார்கள் என்று விசாரித்து, அங்கன்வாடிப் பணியாளருக்கும் செவிலியருக்கும் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.